நைசே ஆற்றின் இரு கரைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஐரோப்பாவின் எல்லையோர ஊர்களைப் பற்றி எழுதியபோது, ஜேர்மனியின் கிழக்குக் கோடியில் இருக்கும் கேர்லிட்ஸ் நகரைப் பற்றி ஒரு பத்தி மட்டுமே எழுதியிருந்தேன். ஒரு காலத்தில் நைசே ஆற்றின் இரு கரையிலும் ஒரே ஊராக இருந்தது அது; இன்று அந்த ஆறே எல்லை, கிழக்குக் கரை போலந்து. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பற்றியே இருந்ததால், இவ்விதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகள் ஜேர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். செப்டெம்பரில் நானும் என் மனைவியும் அவளிடம் போகிறோம். ஒருநாள் கேர்லிட்ஸுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். ஒரு சிறிய ஊருக்காக ஒரு நாளைச் செலவிடுவது தகுமா?
– ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், ஹட்டன்

பதில்: தகும், ஐயா. முடிந்தால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள் என்றும் சொல்வேன். ட்ரெஸ்டனிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புகையிரதத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஜேர்மனியின் பல பழைய நகரங்கள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தரைமட்டமாகிப் பிறகு மீண்டும் கட்டப்பட்டவை. நீங்கள் தங்கப்போகும் ட்ரெஸ்டனே அதற்குச் சாட்சி. கேர்லிட்ஸோ அந்த அழிவிலிருந்து பெருமளவு தப்பியது. ஆகவே கோதிக் காலத்து வாசல், மறுமலர்ச்சிக் காலத்து முகப்பு, பரோக் காலத்து மாடம் என்று பல நூற்றாண்டுகள் ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 4,000 இருக்கின்றன.

உண்டர்மார்க்ட் என்ற கீழ்ச்சந்தைச் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே 1526-இல் எழுந்த ஷோன்ஹோஃப் மாளிகை, இப்போது சைலேசியா பிரதேசத்தின் அருங்காட்சியகமாக இருக்கிறது. எதிரே நகர மண்டபத்தின் வளைந்த வெளிப் படிக்கட்டு 1530-களில் கட்டப்பட்டது. அதன் அருகே நிற்கும் நீதிதேவதையின் கண்கள் கட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கண் திறந்த நீதியைக் கண்டபோது நான் அந்தப் படியருகே நெடுநேரம் நின்றேன். சதுக்கத்தைச் சுற்றியுள்ள பெரிய வீடுகள் துணி வியாபாரிகளுடையவை. கிழக்கையும் மேற்கையும் இணைத்த பழைய ராஜபாட்டை இந்த ஊர் வழியாகச் சென்றதால், துணியும் துணிக்கு நீலம் ஏற்றும் செடிச்சாயமும் விற்று அவர்கள் செல்வம் சேர்த்தார்கள். சரக்கு வண்டியே உள்ளே நுழையும்படி வாசலை அகலமாகவும், உள்மண்டபத்தை உயரமாகவும் அமைத்தார்கள். 22-ஆம் இலக்க வீட்டின் வாசல் வளைவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் ஒரு முனையில் நீங்கள் மெல்ல முணுமுணுத்தால் மறு முனையில் காது வைத்திருக்கும் உங்கள் மனைவிக்குத் தெளிவாகக் கேட்கும்.

அங்கிருந்து ஆற்றை நோக்கிச் சரியும் தெருவில் இறங்கினால் புனித பேதுரு தேவாலயம். அதன் ஓர்கன் இசைக்கருவி 1703-இல் நிறைவுபெற்றது; குழாய்களைக் கதிர்களாகக் கொண்ட சூரிய வட்டங்கள் அதன் முகப்பு முழுவதும் இருப்பதால் அதைச் சூரிய ஓர்கன் என்கிறார்கள். ஒரு கச்சேரி நேரத்தில் உங்கள் வருகை அமைந்தால் தவறவிடாதீர்கள். ஊரின் இன்னொரு பக்கத்தில், ஜெருசலேமுக்கு யாத்திரை போய் வந்த கியோர்க் எம்மெரிக் என்ற வணிகரின் முயற்சியால் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த புனிதக் கல்லறை இருக்கிறது. ஜெருசலேமில் உள்ள மூலக் கல்லறை 1808-இல் தீப்பிடித்துப் பின்னர் வேறு வடிவில் கட்டப்பட்டதால், அதன் முந்தைய தோற்றத்தை அறிய விரும்புவோர் இன்று இந்தச் சிறிய ஊருக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிழக்கு ஜேர்மனி என்ற நாடு இருந்த காலத்தில் இந்த வீடுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்து, இடிக்கப்படும் நிலையை எட்டியிருந்தன. நாடு ஒன்றிணைந்த பிறகு அரசு பணம் ஒதுக்கியது. அது போதாதென்று, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 1995 முதல் 2016 வரை ஆண்டுதோறும் பத்து லட்சம் மார்க், யூரோ வந்த பிறகு அதற்கு ஈடான தொகை என்று நகரத்துக்கு அனுப்பி வந்தார். அது யார் என்று தேடக்கூடாது என்பதே அவருடைய நிபந்தனை. நம் பக்கத்தில் ஒரு கோயில் மின்விளக்கிலும் உபயகாரர் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தத் தெருக்களில் நடக்கையில் இது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மாலையில் பழைய நகரப் பாலத்தைக் கடந்து போலந்துக்குள் போய், அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். பேதுரு தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஆற்றுக்கு மேலே பாறையில் எழுந்து நிற்கும் காட்சி அந்தக் கரையிலிருந்துதான் முழுமையாகத் தெரியும். மேற்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஊரில் பாதியைத்தான் பார்த்தவர் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாலத்தைக் கடந்து போலந்துக்குள் போக வேறு வீசா எடுக்க வேண்டுமா? பணம் மாற்ற வேண்டுமா?
– வாசகி ஒருவர், நாவலப்பிட்டி

பதில்: வேறு வீசா தேவையில்லை. போலந்து 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கன் வலயத்தில் இருப்பதால், ஜேர்மனிக்காக நீங்கள் பெற்ற ஷெங்கன் வீசாவே மறுகரைக்கும் செல்லும். ஒருமுறை நுழைவு வீசாவாக இருந்தாலும் பாலத்தைக் கடப்பதால் அது தீர்ந்துவிடாது. ஆனால் கடவுச்சீட்டை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். 2023 அக்டோபர் முதல் ஜேர்மனியும், 2025 ஜூலை முதல் போலந்தும் இந்த எல்லையில் தற்காலிகச் சோதனைகளை மீண்டும் கொண்டுவந்தன. நம் நிறத்தவரை நிறுத்திக் கேட்பதற்கு அதிக வாய்ப்பு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மூலக் கடவுச்சீட்டு கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். போலந்தின் நாணயம் ஸ்லோட்டி. ஒரு தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் வங்கி அட்டையே போதும்.

கேள்வி: ஐரோப்பாவின் கடிகாரமே கேர்லிட்ஸில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் மாணவர்கள் விளக்கம் கேட்கிறார்கள்.
– புவியியல் ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: சுருக்கமாக எழுதிக் குழப்பியதற்கு மன்னியுங்கள், டீச்சர். மத்திய ஐரோப்பிய நேரம் கிழக்கு 15 பாகை நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அந்த நெடுங்கோடு கேர்லிட்ஸ் நகரின் வழியாகச் செல்கிறது. அதைக் குறிக்கும் கல் ஒன்று அங்குள்ள பூங்காவில் இருக்கிறது. 1893 ஏப்ரல் 1 முதல் ஜேர்மனி முழுவதற்கும் இந்த நேரமே சட்டப்படியான நேரமாயிற்று. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை வைத்தே கடிகாரம் ஓடியதால், புகையிரத அட்டவணை தயாரிப்போர் பெரும் பாடுபட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். இலங்கை நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியது. இரண்டுக்கும் வேறுபாடு 67.5 பாகை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், நாம் அவர்களைவிட நான்கரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் அது மூன்றரை ஆகும். 15 பாகைக் கோட்டின் மேல் கேர்லிட்ஸ்காரர்கள் கால் வைத்து நிற்கலாம். நம்முடைய 82.5 பாகைக் கோடோ இலங்கைத் தீவைத் தொடுவதே இல்லை. அது நம் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் செல்கிறது. 1996-இல் மின்வெட்டுக் காலத்தில் நம் கடிகாரங்கள் முன்னே தள்ளப்பட்டதும், 2006-இல் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் உங்கள் பாடசாலையின் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நேரம் என்பது வானத்தைப் பார்த்து மட்டுமல்ல, அரசாணையாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதை வகுப்பில் விளக்க அது நல்ல உதாரணம்.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்தவன் நான். அங்கே எங்கள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் போல ஒன்று இருக்கிறதாமே?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: இருக்கிறது. தெமோதரையில் உள்ள நம் பாலம் 1921-இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். நைசே ஆற்றின் மேலுள்ள கற்பாலம் அதைவிட முக்கால் நூற்றாண்டு மூத்தது. 1847-இல் திறக்கப்பட்ட அது 475 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்டது. 1945 மே 7 அன்று, போர் முடிய ஒரு நாள் இருக்கும்போது, பின்வாங்கிய ஜேர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது, 1957-இல்தான் சீரமைக்கப்பட்டது. பழைய நகரப் பாலமும் அதே நாளில் தகர்க்கப்பட்டது. அங்கே மீண்டும் ஒரு நடைபாலம் அமைய 2004 வரை, அதாவது ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், பிடித்தது.

அழகைக் கேட்டால் என் மனம் தெமோதரைக்கே சாயும். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் வளைந்து நிற்கும் கோலம் இதற்கு இல்லை. ஆனால் இதன் நடுவில் நாடு மாறுகிறது. நான் பயணித்த வண்டி ஒரு நாட்டில் ஏறிய பாலத்திலிருந்து இன்னொரு நாட்டில் இறங்கியது. வேகம்கூடக் குறையவில்லை.

கேள்வி: ஒரே ஊராக இருந்தால், ஆற்றின் கிழக்கே வாழ்ந்த ஜேர்மானியர்கள் என்ன ஆனார்கள்? அங்கே இப்போது இருப்பவர்கள் யார்?
– தோட்ட இளைஞர் ஒருவர், நோர்வூட்

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் நான் பலமுறை படித்தது உங்களுடையதுதான், தம்பி.

1945 வரை இரு கரையும் ஒரே நகராட்சி. நைசே பெரிய ஆறல்ல. உங்கள் ஊரில் ஓடும் கெசல்கமுவ ஓயாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போரில் வென்ற வல்லரசுகள் ஓடர், நைசே ஆறுகளை எல்லையாக்கியபோது, கிழக்குக் கரையில் வாழ்ந்த ஜேர்மானியர்கள் கையில் எடுத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். அந்த வெற்று வீடுகளில் குடியேறியவர்களில் பலர் போலந்தின் கிழக்குப் பகுதிகளை சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டதால் தாங்களும் ஊரை இழந்து வந்தவர்கள். ஊர் இழந்தவர் வீட்டில் ஊர் இழந்தவரே குடிவந்தார் என்பதை அங்கே போய்த்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்தக் கரைக்கு ஸ்கோர்செலெட்ஸ் என்று பெயர். 1949-க்குப் பிறகு, உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய கிரேக்க அகதிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பின்னாளில் தாயகம் திரும்பினாலும், ஆற்றங்கரைச் சாலை இன்றும் கிரேக்கர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஸ்கோர்செலெட்ஸில் குவிமாடம் கொண்ட பண்பாட்டு இல்லத்தைப் பாருங்கள். 1950 ஜூலை 6 அன்று கிழக்கு ஜேர்மனியும் போலந்தும் எல்லையை ஏற்றுக் கையெழுத்திட்டது அந்தக் கட்டடத்தில். ஒன்றிணைந்த ஜேர்மனி அதே எல்லையை 1990 நவம்பரில் உறுதிசெய்தது. இடையில் 1972-இல் எல்லை வீசாவின்றித் திறக்கப்பட்டதும், போலந்தில் தொழிலாளர் இயக்கம் எழுந்த 1980-இல் மீண்டும் மூடப்பட்டதும் உண்டு. ஊருக்குத் தெற்கே நாஜிகளின் போர்க்கைதி முகாம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவு மையம் இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் அங்கே கைதியாக இருந்தபோது நான்கு கருவிகளுக்காக எழுதிய படைப்பு, 1941 ஜனவரி 15 அன்று சக கைதிகளின் முன்னால் முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் ஒரு மலையகத் தமிழனாகவே பார்த்தேன். 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, எங்கள் லயத்திலும் ஒரு குடும்பம் இரண்டாயிற்று. என் அப்பாவின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார், அப்பா இங்கே நின்றார். இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல. ஜேர்மானியரின் வெளியேற்றம் அவர்கள் அரசு தொடங்கிய கொடிய போரின் முடிவில் நடந்தது. நம்மவர்கள் எந்தப் போரையும் தொடங்கவில்லை. ஆனாலும் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறுகரையிலுள்ள ஒரே ஒரு வீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டபோது, அவர் பார்வையை எனக்குப் புரியாத பார்வை என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவுக்கும் பிறகு, 1998-இல் இரு நகராட்சிகளும் சேர்ந்து தங்களை ஒரே ஐரோப்பிய நகரமாக அறிவித்துக்கொண்டன.

பாலத்தைத் தாண்டியதும் சற்றுத் தூரத்தில் யாக்கோப் பேமே வாழ்ந்த வீடு இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும். 1575-இல் பிறந்த அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பல்கலைக்கழகம் போகாமலே இறைவனையும் இயற்கையையும் பற்றி அவர் எழுதியவற்றை ஐரோப்பாவின் பெரிய தத்துவவாதிகள் பின்னாளில் படித்தார்கள். உள்ளூரின் தலைமைப் போதகரோ அவரைத் தேவாலய மேடையிலிருந்தே கடிந்து பேசினார். 1624-இல் இறந்த அவருடைய கல்லறை மேற்குக் கரையில், வீடு கிழக்குக் கரையில்.

கேள்வி: என் தாய்க்கு முழங்கால் வலி, அவர் சைவமும்கூட. அழைத்துப் போகலாமா?
– வாசகி ஒருவர், மாத்தளை

பதில்: அழைத்துப் போங்கள், அம்மா. ஆனால் பழைய நகரம் முழுவதும் உருளைக்கல் பாவிய தெருக்கள். ஆற்றுக்கு இறங்கும் வழி சரிவானது. தடித்த அடியுள்ள சப்பாத்தும் ஒரு கைத்தடியும் அவசியம். உள்ளூரின் பெயர்பெற்ற உணவு புகையிட்ட பன்றி இறைச்சியும் உலர்ந்த பழங்களும் சேர்ந்தது; அது உங்கள் தாய்க்கு ஆகாது. போலந்துக் கரையில் பியரோகி என்று கேளுங்கள். நம் கொழுக்கட்டையைப் போல மாவுக்குள் பூரணம் வைத்து அவித்தது. உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் வைத்த வகையைக் கேட்டு, மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; கேட்காமலே தூவிவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு ஆற்றங்கரை வாங்கில் அவரை உட்கார வையுங்கள். கோபுரங்கள் நேர் எதிரே தெரியும்.