குளத்துக்கு மேலே சைட் (வீட்டுமனை) போட்டால் தண்ணீர் கெடுமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஒரு குளத்துக்குத் தண்ணீர் போகிற பள்ளத்தை ஒட்டி பத்து ஏக்கரில் சைட் போடப் போகிறார்கள். குளம் பாதிக்கப்படுமா என்று நாங்களே எப்படிச் சோதிப்பது?

பொக்லைன் வருவதற்கு முன்னால் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிடுங்கள். முதல் வேலை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் தோட்டம் திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளிப் பக்கம். சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு மேற்கே ஒரு கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) சைட் போட்டார்கள். கொழுக்கட்டைப் புல்லை வழித்தெடுத்து, கிளுவை வேலியைப் பிடுங்கி, மண் ரோடு போட்டார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் பள்ளத்துத் தண்ணீர் செங்காவியாக வந்தது. மனு கொடுத்தோம். நேரில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எப்படிங்க இருந்துச்சு?" காட்டுவதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. மழைக்காலத்தில் பள்ளத்தில் செந்தண்ணி வருவது வழக்கம்தானே என்று எழுதி முடித்துவிட்டார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

மூன்று இடத்தில் எடுங்கள்: சைட்டுக்கு மேலே, சைட்டின் வடிகால் பள்ளத்தில் சேரும் இடத்துக்குக் கீழே, குளத்தின் வாய் அருகே. மேலே எடுப்பது மிக முக்கியம். நம் பகுதியில் பழைய சாயக்கழிவின் உப்பு பல இடங்களில் மண்ணிலேயே இருக்கிறது. மேலேயும் அதே உப்பு இருந்தால், பழியை சைட் மேல் போட முடியாது.

கோடையில் ஒரு தரம், மழை விட்டு ஒரு வாரம் கழித்து ஒரு தரம், முதல் பெருமழையில் பள்ளம் ஓட ஆரம்பித்த அரை மணிக்குள் ஒரு தரம். கடைசியாகச் சொன்னதைத் தவற விடாதீர்கள். பத்து ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 20 லட்சம் லிட்டர். புல்தரை அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். ரோடும் கூரையும் குடிக்காது, தங்கள் மேல் கிடக்கிற அழுக்கையும் சேர்த்துக் கீழே அனுப்பும்.

ஒரு எச்சரிக்கை. பலர் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்புகிறார்கள். மழைத் தண்ணீர் கலந்தால் உப்பு நீர்த்து அந்த எண் குறையும். தண்ணீர் சேறாக ஓடும்போது மீட்டர் "நல்ல தண்ணி" என்று காட்டும். மண்ணரிப்பைப் பிடிக்கக் கலங்கல் தன்மையையும், மிதக்கும் திடப்பொருளையும் கேளுங்கள். வீடு வந்தபின் செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பார்க்க அம்மோனியா, நைட்ரேட், மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நைட்ரேட் மட்டும் ஏறினால் அது தோட்டத்து யூரியாவாகவும் இருக்கலாம்.

குளத்தில் கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் பாருங்கள். பாசி உள்ள குளத்தில் மத்தியானம் அது ஏறி நிற்கும், விடியும் முன்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். மீனும் வனவிலங்கும் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். லேப்காரர் குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, அங்கேயே இரண்டு ரசாயனம் விட்டு மூடுவார். ஆக்சிஜன் இருந்தால் காப்பித்தூள் நிறத்தில் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். ஒரு தரம் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பிசைந்தது. கிருமிப் பரிசோதனைக்கு லேப்பில் தரும் சுத்திகரித்த பாட்டிலை மட்டும் கழுவாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் முன் அனுமதி வாங்கக் கட்டடங்களுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு, மனைப் பகுதிகளுக்கு 50 ஹெக்டேர் நிலம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பத்து ஏக்கர் மனை என்பது சுமார் 4 ஹெக்டேர்தான், அந்த 50-க்குப் பக்கத்திலேயே வராது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் சரணாலயம் ஆனது, 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காவல் குளத்துக்குத்தான். தண்ணீரோ அதற்கு வெளியே நல்லாற்றுப் பக்கம் பெய்கிற மழையில்தான் வருகிறது. உங்கள் குளமும் அப்படித்தான் இருக்கும்.

பாட்டிலில் தேதி, நேரம், இடம் எழுதி, எடுக்கும்போதே போட்டோ பிடித்து வையுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் வனச்சரகருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் இரண்டு சோதனையாவது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பகுதிப் பள்ளத்தின் பெயரைப் பின்னூட்டத்தில் சொன்னால், எந்த இடத்தில் எடுக்கலாம் என்று வரைந்து தருகிறேன்.