பெரியப்பாவின் பால்மாப் பேணி

மதிப்புக்குரிய ரீச்சர்,

அப்பாவுக்கு 62 வயது. உரும்பிராயில் இப்போதும் தோட்டம் செய்கிறார். சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கி மூச்சு வாங்குகிறது, இறங்கி நின்றால் சரியாகிவிடுகிறது. எக்கோவில் இதயச் சுவர் 1.5 சென்ரிமீற்றர் தடித்திருக்கிறதாம். ஆனால் அஞ்சியோகிராமில் அடைப்பு ஒன்றும் இல்லை. தசை பெருத்தால் பலம் கூடத்தானே வேண்டும்? அடைப்பில்லாமல் ஏன் இறுக்குகிறது? அவர் சைக்கிள் ஓடலாமா? லொசாட்டன் குளிசை தந்தார்கள், பிரஷர் இறங்கிவிட்டதால் இப்போது போடுவதில்லை. உள்ளி அவித்துக் குடித்தால் தடிப்புக் கரையும் என்கிறார்களே?

உங்கள் பழைய மாணவி

பிள்ளை,

உள்ளியைக் கறியில் போடு. அதற்கு இவ்வளவு பதில் போதும்.

போன கிழமைதான் என் பெரியப்பாவின் திவசம். 'இப்போது போடுவதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய் பார், எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம். அதற்கு வருகிறேன்.

தசை பெருத்தால் பலமா? என்னிடம் உயிரியல் படித்தவள் கேட்கிற கேள்வியா இது? ஓடிப் பழகியவர்களுக்கும் இதயம் பெருக்கும், ஆனால் அங்கே இரத்தக் குழாய்களும் கூடவே வளரும். அப்பாவுடையது வேறு. வருடக்கணக்காக உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது இதயவறையின் கலங்கள் பருத்துவிட்டன. மயிர்த்துளைக் குழாய்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. வாய்க்கால் பழையபடி இருக்கப் பயிர் மட்டும் பெருத்தால் எந்தப் பாத்தி முதலில் வாடும் என்று அப்பாவிடமே கேள். கடைசிப் பாத்தி என்பார். இதயத்தில் அது சுவரின் உட்படை. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் வெளிப்புறத்தில் ஓடி உள்ளே இறங்குகின்றன. இதயம் சுருங்கும்போது உட்படை நெரிபடும், தளரும்போதுதான் அங்கே இரத்தம் ஒழுங்காகப் போகும். சைக்கிள் மிதித்தால் துடிப்புக் கூடி, அந்தத் தளரும் நேரம் குறைகிறது. அஞ்சியோகிராமில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும்.

உடம்பின் மற்றப் பகுதிகள் மொத்தத்தில் இரத்தத்திலுள்ள ஒட்சிசனில் கால்வாசியைத்தான் எடுக்கும். இதயம் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய முக்கால்வாசியை எடுத்துவிடும். மேலும் வேண்டுமென்றால் இரத்த ஓட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். நல்ல இதயம் நாலைந்து மடங்கு கூட்டும், தடித்த இதயத்தால் அவ்வளவு முடியாது.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. இதயம் வழமையில் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. தடித்த இதயம், கருவில் இருந்த காலத்தைப்போல, சர்க்கரைப் பக்கம் சாய்கிறது. அதே அளவு ஒட்சிசனுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் சக்தி தரும் என்பதால் கெட்டித்தனம் மாதிரித்தான் தெரியும். ஒட்சிசன் தட்டுப்படும்போது பார்க்க வேண்டும்: சர்க்கரை அரைகுறையாக உடைந்து இலற்றிக் அமிலம் சேர்கிறது, சக்தி போதாமல் போகிறது. சுருங்குவதற்கு மட்டுமா சக்தி வேண்டும்? தசையைச் சுருங்க வைத்த கல்சியத்தைத் திரும்ப இழுத்து வைத்து அதைத் தளர்த்தவும் வேண்டும். தடித்த தசை முதலில் தடுமாறுவது அங்கேதான். தளராமல் விறைத்து நிற்கும் அறைக்குள் இரத்தம் இறங்காது, அழுத்தம் நுரையீரலுக்கு ஏறும், மூச்சு வாங்கும். தளராததால் உட்படைக்குப் போகிற இரத்தம் இன்னும் குறையும்.

இந்தக் கூத்தெல்லாம் மிதிக்கும்போதுதான். விறாந்தையில் இருக்கிற மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் பிரச்சினை.

என் பெரியப்பா கிளினிக் நாளில் வெள்ளை வேட்டி உடுத்து, கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடியவே வெளிக்கிட்டுவிடுவார். அன்று காலையில் மட்டும் ஒரு குளிசை. “எனக்கு ஒண்டும் செய்யேல்லை, பிறகேன்?” என்பார். செத்தவீட்டுக்குப் பிறகு அலுமாரியில் ஒரு பால்மாப் பேணி அகப்பட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக் கடதாசிப் பைகள், 'காலை 1' என்று எழுதியபடியே, முக்கால்வாசி பிரிக்காதவை. ஈரம் பட்டுச் சில குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இலவசமாகக் கிடைத்ததை எறியவும் மனமில்லை, விழுங்கவும் மனமில்லை.

நம்மூரில் இது பெரியப்பாவின் கதை மட்டுமா? பிரஷர் இறங்கியது குளிசையால். விட்டால் ஏறும். தடிப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது, மாதங்கள் வேண்டும், சிலருக்கு வருடங்கள். ஆனால் இறங்கும். உயர் அழுத்தமும் ஈசிஜியில் இதயத் தடிப்பும் உள்ள 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த லைஃப் ஆய்வு 2002இல் வெளியானது. அதில் அட்டெனோலோல் என்ற இன்னொரு பிரஷர் குளிசையைவிட லொசாட்டன் தடிப்பைக் கூடுதலாகக் குறைத்தது, பாரிசவாதமும் குறைந்தது. அப்பா நிப்பாட்டியிருக்கிறாரே, அதே லொசாட்டன்தான்!

சைக்கிளா? அதை டொக்டரிடம் கேள். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலான பெருநாடி வால்வு ஒடுங்கினாலும் இதே தடிப்பும் இறுக்கமும் வரும், குளிசை மட்டும் அதற்குப் போதாது. எக்கோத் துண்டில் வால்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் கேள். சும்மா இருக்கும்போது இறுக்கினால் கேட்டுக்கொண்டு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. இன்று பின்னேரமே கொப்பியைப் பக்கத்தில் வைத்து மிச்சக் குளிசைகளை எண்ணு. கணக்கை எனக்கு எழுத வேண்டாம், டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்.