தலைமை ஆசிரியர்களை வரைய வைப்பது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பகுதியில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். பள்ளி நிர்வாக வேலைகளை ஃப்ளோ சார்ட்டாக (வேலையின் படிகளை அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டும் படமாக) வரைவது பற்றித் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுத்தேன். ஸ்லைடு போட்டு விளக்கினேன். எல்லாரும் கேட்டார்கள், ஒருவரும் வரையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்லைடை ஓரமாக வையுங்கள். கட்டம், சாய்சதுரம் என்று வடிவங்களில் ஆரம்பித்தால் அது கணக்குப் பாடமாகிவிடும். அவர்கள் கையில் தினம் புழங்கும் ஒரு வேலையை எடுங்கள். நான் டி.சி.யை, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் எடுப்பேன். ஓசூர், பெங்களூரு பக்கம் வேலை தேடிக் குடும்பங்கள் நடு ஆண்டிலும் கிளம்பும் ஊர்களில் அது தவறாமல் வரும் வேலை.

பயிற்சிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் இதை மட்டும் அனுப்புங்கள் (இதில் வரும் எமிஸ், மாணவர் விவரங்களுக்கான அரசின் ஆன்லைன் பதிவு): "கடைசியாக டி.சி. வாங்கிய பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வந்து கேட்டதிலிருந்து, புதிய பள்ளி எமிஸில் சேர்த்தது வரை நடந்ததைத் தாளில் எழுதிப் போட்டோ அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம்." நடந்ததை என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விதிப்படி நடக்க வேண்டியதை எழுதிவிடுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தாளை நீளவாக்கில் நான்கு பத்தியாக மடிக்க வேண்டும்: பெற்றோர், வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், எமிஸ். யார் செய்தாரோ அவர் பத்தியில் வேலையை எழுதி, அடுத்ததற்கு அம்புக்குறி. ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலும் வேலை தேங்கும். விண்ணப்பம் வந்த அன்று வகுப்பாசிரியர் விடுப்பு. வருகைப் பதிவேடு அவர் பீரோவில். அல்லது டி.சி. கைக்குப் போய்விட்டது, ஆனால் எமிஸில் பிள்ளையைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) அனுப்பவில்லை. புதிய பள்ளி தேடினால் பெயரே வராது. அம்பின் மேல் காத்திருந்த நாட்களை எழுதச் சொல்லுங்கள், தேக்கம் பளிச்சென்று தெரியும்.

ஆம், இல்லை என்று கிளை பிரியும் இடம் வரும்போது சாய்சதுரத்தைச் சொன்னால் போதும். யாராவது 'டி.சி. கொண்டுவரும் வரை சேர்க்கை இல்லை' என்று ஒரு கிளை போட்டிருந்தால் மட்டும் அங்கே நின்று பேசுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, தொடக்கக் கல்வி (எட்டாம் வகுப்பு) முடியும் வரை வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும்; அது வரத் தாமதமானது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. ஒரு பிள்ளை வீட்டில் உட்காரும் கிளை அது.

ஆன்லைன் நேரத்தில் நீங்கள் குறைவாகப் பேசுங்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழு போதும். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கும். படங்கள் ஏற்கெனவே எல்லார் போனிலும் இருப்பதால், அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் சாதாரண கான்ஃபரன்ஸ் காலிலேயே முடிக்கலாம். தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிக்காரர்கள் அவரவர் மொழியில் எழுதட்டும். பள்ளி நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியர் போனில் இருந்தால் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை.

இன்னொன்று, இது ஆய்வு இல்லை, படம் எதுவும் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகாது என்று முதலிலேயே உறுதி கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். பயந்தவர் நடந்ததை எழுத மாட்டார்.

அப்புறம், ஆளுக்கு ஒரே ஒரு அம்பை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த டி.சி. கொடுத்ததும் அதே தாளில் வேறு நிற மையால் மறுபடி வரைந்து அனுப்பட்டும். மென்பொருளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.