படித்தவுடன் தோன்றும் கருத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

"அறிவியல், மொழி, தொழில்நுட்பம் என்று எந்தச் செய்தியைப் பார்த்தாலும் உடனே ஒரு கருத்து வந்துவிடுகிறது. அதை நம்பலாமா? அப்படி நம்பி நீங்கள் ஏமாந்தது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களாக என் கையில் ஒரு வித்தை இருந்தது. யாராவது மொழிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "ஆங்கிலத்துல ஒன், தமிழ்ல ஒன்று. ஆங்கிலத்துல எய்ட், தமிழ்ல எட்டு. ரெண்டும் உறவு மொழிகள்ங்கறதுக்கு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்பேன். கேட்பவர்கள் கண்ணை அகல விரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒருநாள் நண்பர் ஒருவர் மட்டும் கண்ணை விரிக்கவில்லை. "எட்டுன்னு சொல்றீங்க. ஆனா எண்பது, எண்ணூறுன்னுதானே சொல்றோம்? அங்க அந்த 'ட்டு' எங்க போச்சு?" என்று கேட்டார்.

பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தமிழில் அந்த எண்ணின் வேர் 'எண்'. 'எட்டு' என்பது அதன் பின்னால் ஒட்டியது சேர்ந்து திரிந்த வடிவம். கன்னடத்தில் இன்றும் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ணகரமோ னகரமோ அங்கெல்லாம் வெளியே தெரிகிறது, நம் 'எட்டு'வில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலப் பக்கம் போனால் கதையே வேறு. அந்தச் சொல்லின் நடுவே முன்பு தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி இருந்தது. உச்சரிப்பில் தேய்ந்துபோய், எழுதும்போது மட்டும் வெட்டியாக ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளாக நிற்கிறது. அதன் உறவுக்காரர்கள் ஜெர்மனின் 'அக்ட்', லத்தீனின் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தின் 'அஷ்ட'. 'எண்'ணும் 'ஆக்டோ'வும் ஒன்றா? எனக்கே சிரிப்பு வந்தது.

'ஒன்' இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. இன்று நாம் 'வன்' என்று சொல்கிறோமே, அந்த வகர ஒலி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 'ஒன்லி', 'அலோன்' ஆகிய சொற்களுக்குள்ளும் அதே எண்தான் இருக்கிறது; அங்கே அந்த வகரம் வரவில்லை. ஆக, பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும் அல்லவா? இவை விலகிப் போகின்றன. உறவு இருந்தால் நடக்க வேண்டியதற்கு நேர் எதிர்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ம்பபாரம் என்று ஒன்று இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, தானாக அப்படி அமைந்தது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கில 'பேட்'டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த மொழியிலும் சில பத்து ஒலிகள்தான், சொற்களோ ஆயிரக்கணக்கில். நாலு இடத்தில் மோதிக்கொள்ளாவிட்டால்தான் ஆச்சரியம்.

அன்றிலிருந்து என்னைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு விஷயத்தின் பெயரைக் கேட்டதுமே, விஷயத்தையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேனோ? எனக்கு உடனே வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தன. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?" என்று கேட்டால் கருத்து கீழே விழும், இல்லையென்றால் உருமாறும். நான் செய்யும் சோதனை இவ்வளவுதான்.

'கதிர்வீச்சு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு என்றதும் பலருக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வரும், கூடவே அணுகுண்டும். சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தால் அங்கே இருப்பது விநாடிக்குச் சுமார் 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலை. நாம் கண்ணால் பார்க்கும் வெளிச்சமும் மின்காந்த அலைதான். அலையின் ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. மைக்ரோவேவின் ஒரு பொட்டலத்தைவிட வெளிச்சத்தின் ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். டிஎன்ஏவை நேரடியாகச் சிதைக்க வேண்டுமானால் வெளிச்சத்தையும் தாண்டிப் புற ஊதாவுக்குப் போக வேண்டும். வெயிலில் அது தாராளமாகவே கிடைக்கிறது, ஆனால் வெயிலை யாரும் கதிர்வீச்சு என்று சொல்லிப் பயப்படுவதில்லை. அதற்காக மைக்ரோவேவ் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. சூடாக்கும், அதுதான் அதன் வேலை. அடுப்பின் கதவில் ஓட்டை ஓட்டையாக உலோகத் தகடு இருக்கிறதே, அது அழகுக்காக வைத்ததல்ல. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்தச் சின்ன ஓட்டை வழியாக அதனால் வெளியே வர முடியாது. வெளிச்சம் வரும், அதனால்தான் உள்ளே சுற்றுவது தெரிகிறது.

பட்டியல்களும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் தொகுதியில் சேர்த்தது. "சிகரெட்டும் சாசேஜும் ஒண்ணு!" என்று செய்தி பறந்தது. அந்தத் தொகுதி சொல்வது, புற்றுநோய் வரும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான். எத்தனை பேருக்கு வரும், ஆபத்து எவ்வளவு பெரிது என்பது தனிக் கணக்கு. அதே முகமையின் 'சாத்தியம் உண்டு' என்கிற தொகுதியில் செல்போன் அலைகளும் இருக்கின்றன, முழுக் கற்றாழை இலைச் சாறும் இருக்கிறது. செல்போனுக்குப் பயந்துகொண்டு கற்றாழைச் சாறு குடிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

'கெமிக்கல்' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். செங்காந்தள் கிழங்கு முழுக்க முழுக்க இயற்கை, சாப்பிட்டால் ஆளைக் கொல்லும். போதும்.

ஆனால் இப்படிக் கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு வியாதி வரும். எனக்கும் வந்தது. பழைய வைத்தியம் என்றாலே உதட்டைச் சுழிப்பது. இதுவும் ஒரு சொல்லைக் கேட்டு வருகிற கருத்துதானே? என் உதட்டை நேராக்கியது தூ யூயூ என்ற சீன விஞ்ஞானியின் கதை. 1967இல் சீனா மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அதில் சேர்ந்த அவரும் அவருடைய குழுவினரும் பழைய ஏடுகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கோ ஹோங் எழுதிய குறிப்பு ஒன்றை மறுபடி படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அதில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. ஒருவேளை சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ? சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற திரவத்தை வைத்துச் சாறு எடுத்தார். 1971இல் பலன் கிடைத்தது. அடுத்த வருடம், நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் தானே அதைக் குடித்துப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு.

இந்தக் கதையை இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டியபடி சொல்வார்கள். "பார்த்தீர்களா, முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்" என்பார் ஒருவர். தெரிந்திருந்தால் அந்த 2,000 குறிப்புகளிலும் மருந்து கிடைத்திருக்க வேண்டுமே. "அது நவீன வேதியியலின் வெற்றி" என்பார் இன்னொருவர். காய்ச்சாமல் பிழியச் சொன்ன குறிப்பு கிடைத்தது எந்த ஏட்டில்? 'பழசு', 'புதுசு' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது, ஒரு குறிப்பும் அதைப் பொறுமையாகச் சோதித்த ஒருவரும்.

சமஸ்கிருதமும் கணினியும் பற்றிய விவகாரத்தில் எனக்கு இன்னொரு அடி. "கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம் என்று நாசா சொல்லிவிட்டது" என்று யாராவது பகிர்ந்தால், "சுத்தக் கட்டுக்கதை, நாசாவில் யாரும் சமஸ்கிருதத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லை" என்று நான் பதில் போடுவேன். போட்டுக்கொண்டே இருந்தேன், தேடிப் பார்க்காமல். ரிக் பிரிக்ஸ் என்ற நாசா ஆய்வு மையத்து ஆராய்ச்சியாளர் 1985இல் ஒரு செயற்கை நுண்ணறிவு இதழில் உண்மையாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் ஒரு வாக்கியத்தின் பொருளை யார், எதை, எதால், எங்கே என்று பிரித்து எழுதிய முறை, அன்றைய செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பொருளைக் குறித்து வைத்த முறைக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது அவர் வாதம். சமஸ்கிருதத்தில் நிரல் எழுதுங்கள் என்றோ, நாசா அதற்கு முத்திரை குத்தியது என்றோ அதில் இல்லை. பகிர்ந்தவர்களும் அதைப் படிக்கவில்லை, கிண்டலடித்த நானும் படிக்கவில்லை. படித்திருந்தால் இருவருக்குமே பேச சுவாரசியமான விஷயம் இருந்தது.

சரி, நம் மொழிக்கு வருவோம். 'கலப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் கொதிப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அலமாரியின் சாவியைத் தேடி, பேனாவை எடுத்துத் தமிழின் தூய்மை பற்றி எழுதினேன். ஜன்னல், அலமாரி, சாவி, பேனா நான்குமே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து, வெளியிலிருந்து வரும் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு எப்படிப் பழக்குவது என்றும் சொல்கிறது.

அதே சமயம், எதிர்ப்பக்கமும் நான் போய்வந்த இடம்தான். 'கணினி' என்ற சொல்லைப் புதிதாகக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். யார் இதைச் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டேன். இந்தப் பதிலில் அந்தச் சொல்லை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். இணையம், மின்னஞ்சல், பேருந்து எல்லாம் இப்படிச் சிரிப்புக்கு ஆளாகி வந்தவைதான் என்று நினைக்கிறேன். சில சொற்கள் ஒட்டும், சில உதிரும். எது ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்லும் திறமை எனக்கு இல்லை என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது.

தொழில்நுட்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே சில கருத்துகள் பொய்யல்ல, காலாவதியானவை. போன் பேட்டரியை முழுதாகத் தீரவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று என் தங்கைக்கு வருடக்கணக்காக உபதேசம் செய்திருக்கிறேன். நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் அந்த அறிவுரைக்கு ஓர் அடிப்படை இருந்தது. பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் அவற்றில் சில, திறன் குறைந்ததுபோல நடந்துகொள்ளும். இப்போது போனில் இருப்பது லித்தியம்-அயனி. அதை அடிக்கடி பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதுதான் அதற்குக் கெடுதல். பெட்டிக்குள் சரக்கு மாறிவிட்டது, மேலே 'பேட்டரி' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. நான் பெயருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கையின் பழைய போன் சீக்கிரம் செத்ததற்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் இந்த ஏஐ. "அம்மா என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தப்பாகச் சொல்கிறது, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ஆனால் 'எழுத்து' என்ற சொல் இடறியது. நமக்கு அம்மா மூன்று எழுத்து: அ, ம், மா. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறைப்படி கணினிக்குள் அது ஐந்து குறியீடு: அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால். இணையத்தில் பெரும்பாலும் சேமிக்கப்படும் வடிவத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வீதம், மொத்தம் 15 பைட். ஏஐக்குள் இருக்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) இவை எதையும் அப்படியே பார்ப்பதில்லை. எழுத்துகளைச் சில்லு சில்லாக வெட்டி ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைத்தான் அது பார்க்கிறது. வெட்டு நம் எழுத்தின் எல்லையில் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் அது தடுமாறுவதை வைத்து, அது முட்டாள் என்றும் சொல்ல முடியாது. அது நன்றாகக் கவிதை எழுதுவதை வைத்து, அதற்கு மனசு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 'புத்தி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்த வேலையை எவ்வளவு சரியாகச் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது மெதுவான வேலை. விவாதத்தில் ஜெயிக்க அது உதவுவதே இல்லை.

இப்படியெல்லாம் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எட்டைக் கேட்டு என்னைக் கவிழ்த்த அதே நண்பர் போன வாரம் செய்தி அனுப்பினார். "தமிழ்ல காசு, ஆங்கிலத்துல கேஷ். இதுவும் தற்செயல்தானே?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "தற்செயல்தான். ஆங்கிலச் சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அகராதியைத் திறந்தேன். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கத்தைக் குறிப்பது நான் சொன்ன வழியில் வந்தது. கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயங்களைக் குறிக்கும் இன்னொரு கேஷ், போர்ச்சுகீசியர் வாய்வழியாக, நம் காசிலிருந்தே போனது.

அவருக்கு மறுபடி எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும், "அவசரமா உங்களுக்கு?" என்ற கேள்வியும் வந்தன.