வாசல் தேடி வரும் மளிகை: வாசகர் கேள்வி - பதில்

ஆர்டர் போடும்போது 'இருக்கிறது' என்று காட்டிய பொருள், பை வந்து சேரும்போது இல்லை. இல்லாவிட்டால் கேட்காத ஏதோ ஒன்று அதற்குப் பதிலாக வருகிறது. இதைத் தவிர்க்க வழி உண்டா?

முழுவதும் தவிர்க்க முடியாது. பெருமளவு குறைக்கலாம். அதற்கு, கடைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆப் காட்டுவது கணக்கில் உள்ள இருப்பு. வந்த சரக்கிலிருந்து பில் போட்டதைக் கழித்தால் வரும் எண் அது. உடைந்த பாட்டில், களவு போன பாக்கெட், வேறு அலமாரியில் மாற்றி வைக்கப்பட்ட டப்பா எல்லாம், யாராவது எண்ணிப் பார்த்துத் திருத்தும் வரை அந்தக் கணக்கில் 'இருக்கும்'. நேரில் வந்த ஒருவர் தள்ளுவண்டியில் எடுத்து வைத்திருக்கும் கடைசிப் பாக்கெட்டும் அவர் பில் போடும் வரை இருப்புதான். அதனால், மக்கள் வந்து போகும் கடையிலிருந்தே எடுத்து அனுப்பும் சேவைகளில் இந்தக் குறை அதிகம். டெலிவரிக்கென்றே நடக்கும் கிடங்குகளில் குறைவு, ஆனால் அங்கே ரகங்களும் குறைவாக இருக்கும்.

இன்னொன்று: பெரும்பாலான சேவைகளில், கூடையில் போட்டதும் பொருள் உங்கள் பேரில் ஒதுக்கப்படுவதில்லை. நாளைக் காலை டெலிவரிக்கு இன்று இரவே பணம் கட்டினாலும், பொருளை எடுப்பது பெரும்பாலும் நாளைக் காலையில்தான். சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருள் வேண்டுமென்றால், கடை சரக்கு நிரப்பும் நேரத்தை ஒட்டிய முதல் ஸ்லாட்டைப் பிடியுங்கள். சாயங்கால ஸ்லாட்டுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

மாற்றுப் பொருள் விஷயத்தில் பலரும் செய்வது, மொத்த ஆர்டருக்கும் 'மாற்று அனுப்பலாம்' என்று ஒரே டிக் போடுவது. அப்படிச் செய்யாதீர்கள். பொருளுக்குப் பொருள் தனித்தனியாக அமையுங்கள். உப்பு, சர்க்கரை, குப்பைப் பை போன்றவற்றுக்கு எந்தப் பிராண்டு வந்தாலும் சரி என்று விட்டுவிடலாம். குழந்தைக்கான பால் பவுடர், ஒவ்வாமை உள்ளவர் சாப்பிடும் பொருள், டாக்டர் சொன்ன உணவு இவற்றுக்குக் கட்டாயம் 'மாற்று வேண்டாம்' என்றே இருக்கட்டும். ஒவ்வாமை உள்ள வீட்டில் மாற்றுப் பிராண்டு வந்துவிட்டால், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் திறக்கக் கூடாது. ஒரே பொருளைப் பிராண்டுக்குப் பிராண்டு வேறு வேறு சேர்மானத்தில் செய்கிறார்கள்.

குறிப்பு எழுதும் பெட்டியை வீணாக்காதீர்கள். 'நல்லதாகப் பார்த்து எடுக்கவும்' என்று எழுதினால் பொருள் எடுப்பவருக்கு அதிலிருந்து எதுவும் புரியாது. 'வாழைப்பழம்: காம்பு பச்சையாக இருக்க வேண்டும், 3 நாள் கழித்துச் சாப்பிட' என்று எழுதினால் அவர் கை சரியான சீப்புக்குப் போகும். 'தக்காளி: பாதி காய், பாதி பழம்' என்பதும் அப்படித்தான். அளவையும் சொல்லிவிடுங்கள். '1 லிட்டர் இல்லையென்றால் வேண்டாம்' என்று எழுதாவிட்டால் இரண்டு 500 மி.லி. பாட்டில் வரலாம், விலை கூடியிருக்கும். பொருள் எடுக்கும் நேரத்தில் போன் கையில் இருக்கட்டும். அவருக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரக் கணக்கு உண்டு. அழைப்பை எடுக்காவிட்டால் காத்திருக்க மாட்டார், தானே முடிவு செய்துவிடுவார்.

1 கிலோ காய் கேட்டால் 940 கிராம் வருகிறது. ஆனால் வங்கியிலிருந்து முதலில் பில்லைவிட அதிகத் தொகை போய்விட்டதாகத் தகவல் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

உதிரியாக நிறுத்துத் தரும் பொருளுக்கு ஆப்பில் காட்டும் எடை உத்தேசமானது. ஒரு முட்டைக்கோஸை வெட்டி 1 கிலோவுக்குச் சரியாக்க முடியாது. எனவே பல சேவைகள் உத்தேச விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கார்டில் நிறுத்தி வைத்துவிட்டு, நிறுத்துப் பார்த்தபின் உண்மையான தொகையை மட்டும் எடுக்கின்றன. நிறுத்தி வைத்தது செலவான பணம் இல்லை; மிச்சம் தானாக விடுபடும், வங்கியைப் பொறுத்துச் சில வேலை நாட்கள் ஆகலாம். நீங்கள் ஒப்பிட வேண்டியது வங்கியின் முதல் குறுஞ்செய்தியை அல்ல, டெலிவரிக்குப் பின் வரும் இறுதி பில்லை. அதில் 940 கிராமுக்கு விலை போட்டிருந்தால் சரி. 1 கிலோவுக்குப் போட்டிருந்தால் புகார் செய்யுங்கள்.

பாக்கெட்டில் அடைத்து வரும் பொருளின் கதை வேறு. அதில் அச்சிட்டிருக்கும் நிகர எடையில் உறை சேராது. சந்தேகம் வந்தால் உள்ளிருப்பதைக் கொட்டித்தான் நிறுக்க வேண்டும். அதற்கு முன் வீட்டுத் தராசைச் சோதியுங்கள்: அளவுக் குவளையில் 500 மி.லி. தண்ணீர் ஊற்றி, குவளையின் எடையைக் கழித்தால் 500 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும்.

'வாழைப்பழம் 1' என்பது ஒரு பழமா, ஒரு சீப்பா, ஒரு கிலோவா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். எண்ணிக்கையும் கிலோவும் குழம்புவதால் வரும் புகார்கள் ஏராளம், அவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைப்பதும் கடினம்.

உறைந்த பட்டாணி பாதி இளகி வருகிறது. இறைச்சியும் பாலும் சில்லென்றே இல்லை. எதை வாங்கிக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்?

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் உடல்நலத்தை நேரடியாகத் தொடுவது இதுதான்.

உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டிப் பொருள் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இறைச்சி, மீன், பால் போன்றவை அந்த நிலையில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். இந்த நேரம் உங்கள் வாசலில் தொடங்குவதில்லை, கடையின் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. வண்டி நாலு வீடு சுற்றி வந்திருந்தால், பை உங்கள் கைக்கு வரும்போதே பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

உறைந்த பாக்கெட்டை உறையோடு அழுத்திப் பாருங்கள். உள்ளே பனித்துகள் நெறுநெறுவென்று தட்டுப்பட்டால் உடனே ஃப்ரீசரில் வைக்கலாம். சுவையும் பதமும் கொஞ்சம் குறையும், கெடுதல் இல்லை. பனியே இல்லை, ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல நல்ல சில்லென்று இருக்கிறது என்றால் அன்றே சமைத்துவிடுங்கள். கையில் குளிர்ச்சியே தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்துச் சாப்பிடக் கூடாது.

பட்டாணி உதிரி உதிரியாகக் குலுங்காமல் ஒரே கட்டியாக இருக்கிறதா? அது வழியிலோ கிடங்கிலோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததற்கான அடையாளம். ஐஸ்கிரீமில் கரகரவென்று ஊசிப் பனி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

வீட்டில் சமையல் வெப்பமானி இருந்தால், பாக்கெட்டைக் குத்த வேண்டியதில்லை. இரண்டு பாக்கெட்டை நெருக்கி, நடுவில் முனையைச் செருகி, எண் நிலைக்கும் வரை பிடியுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்வது போதாது. நோய் தரும் கிருமிகள் பல, வாடையே காட்டாது. பால், தயிர், இறைச்சி பாக்கெட் உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு உண்டாக்கியிருக்கலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். (சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது பொருள் நொறுங்காமலும் சிக்கு வாடை வராமலும் இருக்க அடைக்கும் நைட்ரஜனால். அதற்குப் பயப்பட வேண்டாம்.)

பை வந்ததும் முதலில் உறைந்தவை, அடுத்து இறைச்சியும் மீனும், பிறகு பால் என்ற வரிசையில் உள்ளே வையுங்கள். இறைச்சியை ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடி அடுக்கில் வையுங்கள், நீர் சொட்டி மற்றதில் படாது. அரிசியும் எண்ணெயும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

எப்போதும் காலாவதி நெருங்கிய பொருளே வருகிறதே?

கடைகள் தேதி நெருங்கியதை அலமாரியின் முன்வரிசையில் வைக்கும். நேரில் போனால் நாம் பின்னால் கைவிட்டு எடுப்போம். அவசரத்தில் எடுப்பவர் முன்னால் இருப்பதை எடுப்பார். 'குறைந்தது 5 நாள் பாக்கி இருக்க வேண்டும்' என்று குறிப்பில் எழுதுங்கள். வந்ததும் பால், ரொட்டி, இறைச்சி மூன்றின் தேதியையாவது வாசலிலேயே பாருங்கள். 'இத்தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் அது பாதுகாப்புக்கான கெடு, தாண்டினால் தொடக் கூடாது. 'இத்தேதிக்கு முன் சிறந்தது' என்றிருந்தால் அது சுவைக்கும் தரத்துக்குமான கெடு.

நேரில் வாங்குவதைவிட பில் கூடுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

100 கிராமுக்கு அல்லது 100 மி.லி.க்கு என்ன விலை என்று பாருங்கள், பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு அல்ல. தேடலில் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரம், கீழே தள்ளிப் பாருங்கள். 'பழைய ஆர்டரையே மறுபடி போடு' என்ற பொத்தானை அழுத்தினால் எடை குறைந்த புதுப் பாக்கெட்டும் பழைய பெயரிலேயே வந்து சேரும். டெலிவரிக் கட்டணம், பேக்கிங் கட்டணம், சிறிய ஆர்டருக்கான கட்டணம் மூன்றும் கடைசித் திரையில்தான் தெரியும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

உடைந்ததும் குறைந்ததும் வந்தால் எப்படிப் புகார் செய்வது?

பைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் டெலிவரி ஓடிபியைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், எல்லாம் வந்து சேர்ந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். சேதமான பொருளை மூன்று படம் எடுங்கள்: முழுப் பொருள், சேதமான இடம், தேதியும் தொகுதி எண்ணும் தெரியும் லேபிள். பணம் திரும்பும் வரை பொருளைத் தூக்கி எறிய வேண்டாம், பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். பல சேவைகளில் சீக்கிரம் கெடும் பொருளுக்குப் புகார் நேரம் மிகக் குறைவு, ஆகவே அன்றே செய்துவிடுங்கள். பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். விட்டுவிட்டால் ஆப்பின் வாலட்டுக்குப் போய்விடலாம்.

புகாரை ஆப்புக்குள்ளிருந்தே அனுப்புங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கின்றன. ரீஃபண்ட் தருவதற்கு வங்கி ஓடிபியோ, கார்டின் பின்பக்க எண்ணோ, பின் நம்பரோ, உங்கள் போன் திரையைப் பகிரும் ஆப்போ எந்தக் கடைக்கும் தேவையில்லை. அவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள்.