ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிளக்: வாசகர் கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 2004 மாடல் பென்ஸ் இ240 (டபிள்யூ211). ஆறு சிலிண்டர் வண்டிக்கு 12 ஸ்பார்க் பிளக் என்று எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? வீட்டிலேயே மாற்றலாமா?
*– கோவை வாசகர்*

ஏமாற்றவில்லை. உங்களுடையது எம்112 வி6 இன்ஜின். சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு பிளக். காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) ஆறு, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு குட்டை ஒயர்கள் இறங்கும். பிளக்குகள் ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெளிப்பக்கச் சரிவில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) சற்று மேலே சாய்வாக உட்கார்ந்திருக்கின்றன. வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம், ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள்.

வேண்டியவை: 16 மி.மீ. பிளக் சாக்கெட் (உள்ளே ரப்பர் பிடி அல்லது காந்தம் உள்ளது), 3/8 அங்குல ராட்செட், 75, 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன்கள், யுனிவர்சல் ஜாயின்ட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டுவது), ஒரு 17 மி.மீ. ஓப்பன் ஸ்பேனர். பிளாட்டினம் பிளக்கே வாங்குங்கள். இந்த இன்ஜினுக்கு பாஷ் எஃப்8டிபிபி332 பொருந்தும். பிளக் ஒயரிலும் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இருபது வருட ஒயரில் ஒன்றாவது கையோடு வந்துவிட வாய்ப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒயர் தேடி அலைய வேண்டாம்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றியதும், திறந்திருக்கும் காற்றுக் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

இந்த வேலையில் முக்கால்வாசி, ஒயரைக் கழற்றுவதுதான். ஒயரின் முனையில் சூட்டைத் தடுக்க ஓர் உலோக உறை இருக்கும். அது வருடக்கணக்கில் வெந்து பிளக்கோடு ஒட்டிப் போயிருக்கும். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர் மட்டும் கையில் வரும், முனை பிளக்கிலேயே நிற்கும். உறையை விரலால் பிடித்து இடமும் வலமுமாகச் சிறிது திருப்பி முதலில் ஒட்டலை விடுவியுங்கள். பிறகு 17 ஸ்பேனரின் வாயை உறையின் விளிம்புக்குப் பின்னால் கொடுத்து நேராக நெம்புங்கள். கோணலாக நெம்பினால் பிளக்கின் பீங்கான் உடையும். ஒவ்வொரு காயிலிலும் ஏ, பி என இரண்டு முனைகள் உண்டு. எந்த ஒயர் எந்த முனை என்று குறித்துக்கொண்டு, ஒரு சிலிண்டரை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பிளக்கைக் கால் சுற்று தளர்த்தியதும் நிறுத்தி, சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மணல் முகத்துக்கே திரும்பும். பிறகு முழுதாகக் கழற்றுங்கள். புதிய பிளக்கின் இடைவெளி 1.0 மி.மீ. பிளாட்டினம் முனையில் கேஜை (இடைவெளி அளக்கும் கருவி) திணிக்கக் கூடாது. கம்பி கேஜால் சரிபார்த்தால் போதும்.

ஏற்றும்போது ராட்செட்டைக் கீழே வையுங்கள். பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி அதைத் திருகி ஏற்றுங்கள். மரை தவறாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதம் வராது. கையால் கடைசிவரை போன பிறகு டார்க் ரெஞ்சில் 28 நியூட்டன் மீட்டர். பின்கடைசி பிளக்குகளுக்கு ரெஞ்ச் நுழையவில்லை என்றால், வாஷர் தொட்டதிலிருந்து அரைச் சுற்று. ஒயர் முனைக்குள் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சொட்டு தடவி, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

பிளக் மரையில் காப்பர் கிரீஸ் தடவலாமா?
*– திருச்சி வாசகர்*

வேண்டாம். இப்போது வரும் பிளக்குகளின் மரையில் துருப்பிடிக்காத பூச்சு உண்டு. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும். ரெஞ்ச் காட்டும் அதே அளவில் பிளக் கூடுதலாக இறுகி மரை இழுபடும்.

1994 இ320 (டபிள்யூ124) வைத்திருக்கிறேன். பிளக் குழிகளில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. இரிடியம் பிளக் போட்டால் பிக்கப் கூடும் என்கிறார் நண்பர்.
*– ஈப்போ, மலேசியா வாசகர்*

முதலில் எண்ணெய். அது சிலிண்டரிலிருந்து வரவில்லை. டேப்பெட் கவரில் (ஹெட்டின் மேல் மூடியில்) பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் கல்லாகிவிட்டன. கேஸ்கெட் செட்டை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் காயில் ரப்பர் ஊறி உப்பி, இன்ஜின் மறுபடி மிஸ்ஸாகும் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகும்). பிளக்கைத் தளர்த்தும் முன், சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கால டபிள்யூ124-இன் இன்ஜின் ஒயரிங்கில் காப்புறை சூட்டில் பொடிந்து உதிரும். காயில் ஒயர்களை மடக்கி ஓரம் தள்ளாதீர்கள். செம்புக் கம்பி தெரிந்தால், பிளக்கை விட அதுவே உங்கள் அவசர வேலை.

இரிடியம் தேவையில்லை. உங்கள் எம்104 இன்ஜினுக்குரியது ரெசிஸ்டர் இல்லாத சாதாரண காப்பர் பிளக், பாஷ் எஃப்8டிசி4, இடைவெளி 0.8 மி.மீ. ரெசிஸ்டர் ஏற்கெனவே பிளக் மூடிக்குள் இருக்கிறது. பாஷ் எண்ணில் எஃப்-க்கு அடுத்து 'ஆர்' வந்தால் அது ரெசிஸ்டர் வகை, தவிர்த்துவிடுங்கள். வேறு கம்பெனிக்கு மாறும்போதும் கவனம்: பாஷில் எண் ஏற ஏறச் சூடான பிளக் (சூட்டை மெதுவாக வெளியேற்றுவது), என்ஜிகே-யில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக் (வேகமாக வெளியேற்றுவது). எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தலைகீழாகிவிடும்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், அறுகோணத்துக்கு மேலே பழுப்பு வளையம் தெரிகிறது. கம்ப்ரஷன் கசிகிறதா?
*– மதுரை வாசகர்*

இல்லை. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைக்கும் கறை அது, கெடுதல் இல்லை. பீங்கானில் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு இருந்தால்தான் விஷயம். மின்பொறி வெளிப்புறமாகவே பாய்ந்து தரைக்குப் போயிருக்கிறது. பிளக்கையும் அதன் ஒயர் முனையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எரியும் முனை இளம்பழுப்பானால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வால்வு சீல் அல்லது ரிங். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் சிலிண்டர் அளவுக்கு மீறிக் காய்கிறது. கழற்றும் வரிசையிலேயே பிளக்குகளை அட்டையில் குத்தி எண் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் எந்த சிலிண்டரின் கதை என்று தெரியாது.

இ240-இல் 12 பிளக்கும் புதிது. ஆனாலும் ஐடிலிங்கில் உதறுகிறது, ஸ்கேனரில் பி0304 வருகிறது.
*– சென்னை வாசகர்*

அந்தப் பிழைக் குறியீடு நான்காவது சிலிண்டர் மிஸ் ஆவதைச் சொல்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலது வரிசையில் முன்னிருந்து பின்னாக 1, 2, 3; இடது வரிசையில் 4, 5, 6. ஆக, இடப்பக்கம் முதலாவது. அங்குள்ள இரண்டு ஒயர்களும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். பாதிக் குறை இதிலேயே தீரும். பிறகு மல்டிமீட்டரில் எல்லா ஒயர்களின் ரெசிஸ்டன்ஸையும் ஒப்பிடுங்கள். கூட்டத்தோடு சேராத ஒயர்தான் குற்றவாளி. ஒயர்கள் சரி என்றால் நான்காவது காயிலை ஐந்தாவதுடன் இடம் மாற்றுங்கள், இ8 டார்க்ஸ் சாக்கெட் போதும். குறியீடு பி0305 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறாமல் நின்றால் பிளக்கின் பீங்கான் ஏற்றும்போது விரிசல் கண்டதா என்று பாருங்கள். அடுத்தது இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் எரியும். அதன் விலைக்கு இப்படிப்பட்ட பிளக் செட் பல வாங்கலாம்.