கிளம்பும் முன்பே

அன்புள்ள ஐயா,

நலம்தானே? இன்னும் ஏழு வாரத்தில் வேலை மாற்றலாகி வெகுதூரம் போகிறேன். பிறந்ததிலிருந்து இந்த மலையடிவாரத்தை விட்டு ஒரு மாதம்கூட வெளியே தங்கியதில்லை. இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை, அதற்குள் ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. மாலையில் பஸ் வளைவு திரும்பி மலை தெரியும் இடத்தில் தொண்டை அடைக்கிறது. தினமும் போனில் படம் எடுக்கிறேன், முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. "கண் முன்னால் நிற்பதை நினைத்தா அழுவாய்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இது அசட்டுத்தனமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கு முன்னால் படுக்கையிலேயே விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் ஏக்கத்தைக் குறிக்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தது. அன்றைக்கு அது நோயின் பெயர். அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருவர் பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்தவர். காய்ச்சல் முற்றி, பிழைக்க மாட்டார் என்ற நிலை. சரி, ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று கிளப்பினார்கள். பாசலைத் தாண்டிச் சில மைல் போவதற்குள் தேறத் தொடங்கிவிட்டார்.

பெர்ன் அப்போது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அவர் ஊரைப் பார்க்குமுன்பே தேறினார், நீங்கள் ஊரை விடுமுன்பே விழுந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கதைதான் என்று எனக்குப் படுகிறது. எத்தனை மைல் என்று மனசு கணக்குப் பார்ப்பதில்லை. ஊர் கிட்டே வருகிறதா, விலகுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. உங்களுக்கு அது விலகத் தொடங்கிவிட்டது, மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே.

நம் அகப்பாட்டு மரபில் 'செலவழுங்கல்' என்று ஒன்று உண்டு. பொருள் தேடக் கிளம்பியவன் போகாமல் தயங்கி நிற்பது. பயணத்தையே அவன் கைவிட்டதாக இலக்கணம் அதை எடுத்துக்கொள்ளாது. தான் பிரியப்போகும் தலைவியைத் தேற்றுவதற்காக நிற்கிறான் என்று சொல்லும். உங்கள் ஏழு வாரமும் அப்படித்தான். என்ன, மலைக்குத் தேறுதல் தேவையில்லை, தேற வேண்டியவர் நீங்கள்!

ஆனால் அந்த முந்நூறு படம் எனக்கு உறுத்துகிறது. லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று 2014-ல் வெளிவந்தது. அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு, சும்மா பார்த்துவிட்டு வந்த பொருட்களைவிட, முழுதாகப் படம் எடுத்த பொருட்கள் மறுநாள் குறைவாகவே நினைவிருந்தன. ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மலையின் படம் யாரிடமும் கிடைக்கும், உங்கள் ஜன்னல் தாழ்ப்பாளின் படம் கிடைக்காது.

நானும் ஒருமுறை ஊர் மாறியிருக்கிறேன். கடைசி வாரம் முழுக்க, முக்கியம் என்று நினைத்த இடங்களுக்கெல்லாம் போய் விடைபெற்றேன். கொஞ்சம் நாடகம்தான். அந்த இடங்கள் எதுவும் பிறகு பெரிதாக நினைவில் வந்து தொந்தரவு செய்யவில்லை. வந்தது வேறு. பழைய வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது ஏழாவது படி மட்டும் ஓர் அங்குலம் தாழ்வாக இருக்கும். அங்கே இருந்தவரை இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே தெரியுமா என்பதுகூட சந்தேகம். புது வீட்டில், இருட்டில் இறங்கினால் ஏழாவது படியில் கால் தானாகத் தணிந்து போய்த் தேடும். படி முன்னாலேயே வந்துவிடும், முழங்கால் அதிரும். மனசு ஒரு மாதத்தில் புது ஊருக்குப் பழகிவிட்டது. காலுக்கு அப்புறமும் எட்டு மாதம் ஆனது. அந்தப் படியை நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

அந்த வளைவில் மலை தெரிவதற்கு ஒரு நொடி முன்னால், பஸ்ஸில் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? இந்த வாரம் கவனித்துவிட்டு எழுதுங்கள்.